சொட்டுச் சிந்தாத பிரேக் ஆயில்

துப்பறியும் ஞானசேகரனின் கால்கள் இரண்டும் காரின் சீட்டுக்கு மேலே வானத்தைப் பார்த்துக் கிடந்தன. தலை, டேஷ்போர்டுக்கு அடியில் எங்கேயோ இருந்தது. நடுவில் இருந்த தொந்தி மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கின் கீழே மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கியது.

“சார், உயிரோடதான இருக்கீங்க? இல்ல, ஊருக்குத் தந்தி அடிச்சிடட்டுமா?”

கேட்டவள் அமிர்தம். ஞானசேகரனின் உதவியாளர். முன்பு ஒரு மில்லில் டெலிபோன் போர்டு பார்த்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் முதலாளி “யாரது லைன்ல?” என்று அதட்ட, “நீங்க சம்பள பாக்கி வச்சிருக்கிற ஆளு” என்று பதில் சொல்லிவிட்டு வந்தவள். அந்த வாயை மெச்சித்தான் ஞானசேகரன் வேலைக்கு வைத்தார். அதற்கப்புறம் அந்த வாயிடம் அவர் படும் பாட்டை எழுதினால் இந்தப் புத்தகம் போதாது.

“டார்ச்ச இப்படிக் காட்டும்மா. வாய அப்புறம் காட்டலாம்” என்றார் உள்ளேயிருந்து.

அவர் மாட்டிக்கொண்டிருந்த வண்டி சாதாரண வண்டி இல்லை. யுத்தத்துக்கு முந்தின ஃபோர்டு. கூரையை வெட்டி, மட்கார்டைக் கழற்றி, எலும்பும் எஞ்சினுமாக ஆக்கி வைத்திருந்த ரேஸ் வண்டி. சிதம்பரத்தில் அதற்குப் பெயரே மொட்டை ஃபோர்டு. சொந்தக்காரர் கடலூர் பழைய டவுன் வியாபாரி ஹபிபுல்லா. உருவாக்கியவர், கீரப்பாளையம் ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் ராஜமாணிக்கம். அவர் ஞானசேகரனின் தங்கை மலர்க்கொடியின் புருஷன்.

பழைய ஃபோர்டுக்குக் கம்பி பிரேக்தான். ரேஸுக்கு அது ஆகாது என்று, மிலிட்டரி டிஸ்போசலில் வாங்கிய ஜீப்பிலிருந்து ஆயில் பிரேக்கைக் கழற்றி இதில் ஏற்றினார் ராஜமாணிக்கம். மிதித்தால் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை எங்கே வைப்பது என்பதில்தான் வில்லங்கம். மிதிபலகைக்கு அடியில் வைக்கலாம் என்றால் அங்கே புகைக்குழாய் ஓடியது. எஞ்சின் பக்கம் வைக்கலாம் என்றால் அந்த ராட்சச எஞ்சின் ஒரு விரலுக்குக்கூட இடம் விடவில்லை. கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டார். பெடலும் மேலிருந்து தொங்கியது. அதைப் பார்க்க வராத லாரி டிரைவர் இந்தப் பக்கத்தில் கிடையாது.

இப்போது அந்த வண்டியின் மூக்கு அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ஹபிபுல்லாவின் மச்சான் அப்துல் மாலிக் வண்டியை எடுத்துக்கொண்டு கீரப்பாளையம் பக்கம் பந்தாவாகப் போயிருக்கிறார். வாய்க்கால் வளைவில் பிரேக்கை மிதிக்க, பெடல் வழவழவென்று அடிவரை போயிருக்கிறது. வண்டி மதகில் மோதியது. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ரேஸில் யார் ஓட்டுவது என்று அவரும் ராஜமாணிக்கமும் டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? ராஜமாணிக்கத்தை லாக்கப்பில் போட்டுவிட்டார்கள்.

“சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன் ஞானசேகரன்” என்று காலையில் சொல்லியிருந்தார் சப்-இன்ஸ்பெக்டர். “வேற ஆளக் காட்டுங்க, ஒங்க மச்சான விட்டுடறேன். இல்லாட்டி நாளைக்குக் கோர்ட்டு. கொலை முயற்சி கேஸு, லேசுல வெளிய வர முடியாது.”

ஞானசேகரன் ஒருவழியாகத் தலையை வெளியே எடுத்தார். விரலில் ஒட்டியிருந்ததை அமிர்தத்தின் மூக்கருகே நீட்டினார்.

“எஞ்சின் ஆயில் வாடை அடிக்குது சார்.”

“அதான். பிரேக் சிலிண்டருக்குள்ள எஞ்சின் ஆயில ஊத்தியிருக்கான். உள்ள இருக்கற ரப்பர் வாஷர் ஊறின வடையாட்டம் உப்பி, ஓரம் கிழிஞ்சி பெடல் பக்கமாப் பிதுங்கிகிட்டுத் தெரியுது. அப்புறம் மிதிச்சா எங்க பிரேக் புடிக்கும்?”

“ஒங்க மச்சானே மறந்தாப்புல ஊத்தியிருந்தா?”

“சான்ஸே இல்ல. அவரு ஆயில் ஊத்தி, காத்தெடுத்து முடிச்சப்புறம்தான் டேஷ்போர்டுத் தகட்டப் பூட்டியிருக்காரு. அதுக்கு மேல செவப்புப் பெயின்ட் அடிச்சிருக்காரு. ஸ்குரூ தலையில பூசின பெயின்ட் ஒடையவே இல்ல பாரு. அப்ப தகட்டக் கழட்டாம, சந்துல கைய உட்டு மூடியத் தெறந்து எவனோ ஊத்தியிருக்கான். அதுவும் ஒரு சொட்டு கீழ சிந்தாம. கீழ விரிச்ச புதுப் பாய்ல கறையே இல்ல.”

“சந்து எத்தினி அகலம்?”

“நாலு விரல் போவும். அஞ்சாவது விரல் வெளியதான் நிக்கணும்.”

சந்தேகம் தீர, ஷெட்டில் கிடந்த நீளமூக்கு எண்ணெய்க் குப்பியில் தண்ணீர் நிரப்பி மறுபடி உள்ளே போனார். குப்பியின் மூக்கு சரியாகத்தான் துவாரத்தைத் தொட்டது. ஆனால் சாய்த்தால், அடிப்பாகம் தகட்டில் இடித்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தண்ணீர் முழுக்க அவர் மூஞ்சியில் இறங்கியது.

“கைக்குழந்தைக்குக் கஷாயம் ஊத்தற மாதிரி பதமா ஊத்தணும் சார். நீங்க வாழைக்குத் தண்ணி பாச்சறீங்க” என்றாள் அமிர்தம்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது மலர்க்கொடி காபியோடு வந்தாள். அழுது அழுது கண் சுருங்கியிருந்தது. இடுப்பில் குழந்தை, கையில் பால் டம்ளரும் ஒரு தகர ஸ்பூனும். காபியைக் கொடுத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புகட்டினாள். பாதி வாய்க்குள் போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

“எதாவது தெரிஞ்சுதாண்ணே?”

“வெளியாளு வேலதான் மலரு. நீ சொல்லு, யாராவது ஷெட்டுக்குள்ள வந்தாங்களா?”

மலர்க்கொடி சேலைத் தலைப்பால் குழந்தையின் கழுத்தைத் துடைத்தாள். “ஹபிபுல்லா பாயோட அக்கா மவன் ரஹ்மத்துல்லா வந்தான். மாலிக்கு வண்டிய எடுக்கறதுக்கு மொத நாளு. இவுரு சாமான் வாங்கப் போயிருந்தாரு. கையில என்னாவோ குப்பி வச்சிருந்தான். அவனுக்கும் மாலிக்குக்கும் ஆவாது, தெரியுமில்ல? கிட்டங்கிய யாரு பாத்துக்கறதுன்னு தெனம் சண்ட.”

“இத ஏன் போலீஸ்ல சொல்லல?”

“நா சொன்னா பொண்டாட்டி பேச்சும்பாங்க. நீ சொன்னா கேப்பாங்கன்னுதான ஒன்னக் கூப்ட்டேன்” என்று அழுதாள்.

ஞானசேகரனுக்கு நெஞ்சு உருகிவிட்டது. தாயில்லாமல் அவர் கைப்பிடித்து வளர்ந்த தங்கை. அவள் சொல்லி அவர் நம்பாத சங்கதி இதுவரை ஒன்றுகூடக் கிடையாது.

“நீ கவலப்படாத. சாயங்காலத்துக்குள்ள மச்சான் வீட்ல இருப்பாரு. இது என் வாக்கு.”

கடலூர் பஸ் அமிர்தத்தையும் அவரையும் குலுக்கி எடுத்துப் பழைய டவுனில் கொட்டியது. ஹபிபுல்லாவின் சரக்குக் கிட்டங்கி உப்பனாற்று ஓரம். படகிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு மூட்டை தூக்கும் இடத்தில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் ரஹ்மத்துல்லா. முதலாளி வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“சிதம்பரம் ஷெட்டுக்கு நீ எதுக்குத் தம்பி போன?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் ஞானசேகரன்.

அவன் மூட்டையை இறக்கி வைத்தான். மறைக்கப் போகிறான் என்று எதிர்பார்த்தார். அவன் மறைக்கவில்லை.

“அக்கா வரச் சொன்னாங்க, போனேன்.”

“எந்த அக்கா?”

“மெக்கானிக் ஊட்டு அக்காதான். ஒங்க தங்கச்சி. லாரி டிரைவர்கிட்டச் சொல்லி அனுப்பிச்சாங்க, ஒடனே வான்னு. போனா, ஒரே அழுக. ‘ஒங்க மாமாகிட்டச் சொல்லி இந்த வண்டிய எடுத்துகிட்டுப் போயிடுப்பா. ரேஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். ரேஸ் ஓட்டறேன்னு அவுரு போய்ச் சேந்துட்டா நானும் பச்ச மண்ணும் எங்க போவோம்’னாங்க. மாமாகிட்டச் சொன்னேன். அவுரு எங்க கேக்கறாரு? ராஜமாணிக்கம்தான் ஓட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு.”

“பொய் சொல்ற நீ!”

“அல்லா மேல ஆணையா சொல்றேன். நான் எதுக்குப் பொய் சொல்றேன்?”

“கையில குப்பி வச்சிருந்தியா?”

“ஆமா. புள்ளைக்கு எங்க உம்மா குடுத்தனுப்பிச்ச ஓம வாட்டர் குப்பி. வேற என்னா?”

ஞானசேகரன் கோபமாக வாயைத் திறந்தார். அதற்குள் அமிர்தம் நடுவில் புகுந்து, “தம்பி, ஒங் கையக் கொஞ்சம் நீட்டுப்பா” என்றாள்.

நீட்டினான். முறம் அளவுக்கு விரிந்தது உள்ளங்கை. மூட்டை தூக்கித் தழும்பு காய்த்த விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய்.

“சார், இந்தக் கைய அந்தச் சந்துல உட்டா, டேஷ்போர்டோடதான் வெளிய வரும்” என்றாள் அமிர்தம்.

அது ஞானசேகரனுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அவருக்கு அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இவன் குற்றவாளியாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! மச்சான் வீட்டுக்கு வந்திருப்பார், தங்கை சிரித்திருப்பாள், சப்-இன்ஸ்பெக்டர் கை குலுக்கியிருப்பார். இவனை ஏன் அவள் வரச் சொன்னாள்? வரச் சொன்னவள் அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை?

திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடத்தில் அமிர்தம்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. காலைல நா கஷாயம்னு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். ஆனா யோசிச்சா, சின்னக் கை, சின்ன ஏனம், நல்ல மூக்கு இருக்கணும், சிந்தக் கூடாது. வீட்ல அப்படி என்னா சாமான் சார் இருக்கு?”

“வாய மூடு” என்றார் ஞானசேகரன்.

அவள் மூடிக்கொண்டாள். அவர் மனசுதான் மூட மறுத்தது. கழுத்தில் வழிந்த பாலும் தகர ஸ்பூனும் கண் முன்னால் வந்து நின்றன. யாரையோ துரத்திக்கொண்டு ஓடி ஓடித் தன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறோம் என்று தெரிந்துபோயிற்று. சிதம்பரம் வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது. பாழாய்ப்போன பஸ், அன்றைக்கென்று சீக்கிரமாகவே வந்து சேர்ந்தது.

ஷெட்டை ஒட்டித்தான் வீடு. குழந்தை தூளியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி ஓடி வந்தாள்.

“புடிச்சிட்டாங்களாண்ணே ரஹ்மத்துல்லாவ?”

ஞானசேகரன் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். “புள்ள பசிக்கு அழுவுது பாரு. பால எடுத்தா, நான் புகட்டறேன்.”

பால் வந்தது. கூடவே தகர ஸ்பூனும் வந்தது.

“இதுல என்னாத்தப் புகட்டறது? பேரு வச்ச அன்னிக்குத் தாய்மாமன் சீருன்னு நான் வெள்ளிச் சங்கு குடுத்தேனே, அத எடு.”

“அது… கறுத்துப் போச்சுண்ணே. மெருகு போட பத்தர்கிட்டக் குடுத்திருக்கேன்.”

“எந்தப் பத்தரு?”

“கடத்தெருவுல…”

“பேரச் சொல்லும்மா. அமிர்தம் ஒரு நடை போயி வாங்கியாந்துடும்.”

மலர்க்கொடி ஸ்பூனை டம்ளருக்குள் போட்டாள், மறுபடி எடுத்தாள்.

“எஞ்சின் ஆயில் ஊத்தினதுக்கப்புறம் அத புள்ள வாயில வைக்க மனசு வரல, அதான மலரு?” என்றார் ஞானசேகரன். “சாம்பல் போட்டுத் தேச்சிருப்ப. வெந்நீர்ல போட்டிருப்ப. யாராயிருந்தாலும் அதோட எடுத்துப் பொழங்கியிருப்பாங்க. பெத்தவளுக்குத்தான் மனசு வராது. பழையபடி அந்தச் சங்குலயே புகட்டியிருந்தியானா, எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளே போய், பரணில் துணி மூட்டைக்குள்ளிருந்து சங்கை எடுத்து வந்து வைத்தாள். பளபளவென்றுதான் இருந்தது.

“தூக்கிப் போடவும் மனசு வரலண்ணே. நீ குடுத்ததாச்சே.”

“ஏன் இப்படிப் பண்ண?”

“எத்தினி தடவ கால்ல உழுந்தேன் தெரியுமா? ரேஸ் ஓட்டாதன்னு. சிரிக்கிறாரு. ‘எஞ்சின் ஆயில் உள்ள போனா வாஷர் உப்பிப் போவும், பாத்து’ன்னு வேலையாளத் திட்டிகிட்டிருந்தாரு ஒருநாளு. கேட்டுகிட்டே இருந்தேன். இவுருதான் தெனம் ஷெட்டு வாசல்ல மெதுவா உருட்டிப் பாப்பாரு, பிரேக் இல்லன்னு தெரிஞ்சா கழட்டிப் போடுவாரு, ரேஸுக்குள்ள வேற வாஷர் கெடைக்காது, இந்த வருசம் தப்பிச்சிடலாம்னு நெனச்சேன். அந்த மாலிக்கு வந்து சொல்லாம கொள்ளாம வண்டிய எடுத்துகிட்டுப் போவான்னு எனக்கு என்னாண்ணே தெரியும்?”

“அது ஒனக்குத் தெரியாது. சரி. ரஹ்மத்துல்லா? புள்ளைக்கு ஓம வாட்டர் கொண்டாந்து குடுத்தவன ஜெயில்ல தள்ள என்னக் கூப்ட்டியே, அதுவும் தெரியாமயா?”

“அவுங்க பணக்காரங்க. வக்கீல் வச்சி வெளிய வந்துடுவாங்க. எம் புருசனுக்கு யாரு இருக்கா?”

“நான் இல்ல?” என்று கத்திவிட்டார் ஞானசேகரன். குழந்தை வீறிட்டது. “மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா? கூடப் பொறந்தவன்கிட்டயே பொய்ச் சாட்சி சொல்லி, என்னக் கையப் புடிச்சிக் கூட்டிகிட்டுப் போயி ஒரு அப்பாவி முன்னால நிறுத்தினியே! ஊர்ல எத்தினி வக்கீல், எத்தினி பெரிய மனுசன் இருக்கான். இதுக்குன்னு என்ன எதுக்கு மலரு கூப்ட்ட?”

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் சொன்னா நீ அப்படியே நம்பிடுவன்னுதான். ஒனக்கு இதெல்லாம் கண்டுபுடிக்க வராதுன்னு நெனச்சேன்.”

துப்பறியும் ஞானசேகரன் எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறார். பண்ருட்டியில் ஒருத்தன் கடப்பாரையாலேயே அடித்திருக்கிறான். எதுவும் இப்படி வலித்ததில்லை. அவர் எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“பொறப்படு. நானாச் சொன்னா கேஸு பெரிசாவும். நீயாப் போயி, நடந்தத அப்படியே சொன்னா, கொல்லப் பாக்கலன்னு அவுங்களுக்கே வெளங்கும். நல்ல வக்கீலா நான் வைக்கிறேன்.”

“ரஹ்மத்துல்லாதான்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும்ணே. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷாவில் போனார்கள். வழியெல்லாம் மலர்க்கொடி குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் அதை அமிர்தத்தின் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் தானாகவே உள்ளே போனாள். சப்-இன்ஸ்பெக்டர் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, கான்ஸ்டபிளிடம் சாவியை நீட்டினார்.

லாக்கப் கதவு திறந்தது. ராஜமாணிக்கம் வெளியே வந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் எதிரில் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் பார்த்தார். அந்தப் பெரிய உருவம் நேராக அவளிடம் போய் நின்றது.

“அடிப்பாவி, நீ எதுக்குடி வந்த?”

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?” என்றார் ஞானசேகரன் திகைத்துப்போய்.

“நொறுங்கின வண்டிய இழுத்தாந்து போட்டப்பவே தெரியும்யா! உப்பின வாஷரப் பாத்தேன். எங் கையே நுழையாத எடத்துல வேற எவங் கை போயிருக்கும்? எம் பொண்டாட்டி கை எனக்குத் தெரியாதா?” ராஜமாணிக்கத்தின் கண்ணில் நீர் கொட்டியது. “பச்சக் கொழந்தய வச்சிகிட்டு அவ உள்ள கெடக்கக் கூடாதுன்னு, நான்தான் கவனக்கொறவா ஊத்திட்டேன்னு நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கலாம்னு ஒக்காந்திருந்தேன். நல்லாக் கெடுத்த போ. ஒன்ன யாரு மச்சான் இதெல்லாம் கண்டுபுடிக்கச் சொன்னது?”

ஞானசேகரன் தங்கையைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது.

“ஒம் பொண்டாட்டிதான்” என்றார்.